நெடுந்தொலைவு ஓட்டம்: அவசரப்படாதவர்களின் விளையாட்டு

மும்பையில் ஓடாதவர் யார்? காலை மின்ரயிலைப் பிடிக்க ஓடுகிறோம். குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் குடத்தை நிரப்ப ஓடுகிறோம். மாலையில் டியூஷன் முடிந்த பிள்ளையை அழைத்துவர ஓடுகிறோம். இந்த ஓட்டங்களுக்கு நடுவே, ஓட்டத்தையே பயிற்சியாகக் கொண்டு விடியுமுன் எழும் பள்ளிப் பிள்ளைகளும் இந்நகரில் இருக்கின்றனர். தாராவியின் சந்துகளிலிருந்தும், மாட்டுங்காவின் மரநிழற் சாலைகளிலிருந்தும், செம்பூரின் குடியிருப்புகளிலிருந்தும் புறப்படும் அப்பிள்ளைகளின் பெற்றோர் மனத்தில் மூன்று கேள்விகள் எழுவது இயல்பு. ஓடுவதற்கு இடம் எங்கே? எவ்வளவு ஓடலாம்? படிப்பு என்னவாகும்? இம்மூன்றுக்கும் விடை தேட முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண்ணும் மேடும் புல்லும்

நெடுந்தொலைவு ஓட்டத்தின் தொடக்கப் பள்ளி என்று கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தைச் சொல்லலாம். 400 மீட்டர் செயற்கை ஓடுபாதை இதற்குத் தேவையில்லை. புல்வெளி, மண்பாதை, மேடு, பள்ளம், சில வேளைகளில் சேறு ஆகியவற்றின் ஊடே ஓடுவதே இப்போட்டி. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளி மாணவர்கள் விளையாட்டாகத் தொடங்கிய இவ்வோட்டம் 1912, 1920, 1924 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றது. 1924ல் பாரிஸ் நகரின் கடும் வெயிலில் புறப்பட்ட 38 பேரில் 15 பேர் மட்டுமே ஓட்டத்தை முடித்தனர். பின்லாந்தின் பாவோ நூர்மி வென்ற அந்தப் பந்தயத்திற்குப் பின் கிராஸ் கன்ட்ரி ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. 1973ல் பெல்ஜியத்தின் வாரகெம் நகரில் உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப் தொடங்கியது. இன்று அப்போட்டியில் 20 வயதுக்குட்பட்ட ஆண்கள் 8 கி.மீ., பெண்கள் 6 கி.மீ. தொலைவும், பெரியோர் இருபாலரும் 10 கி.மீ. தொலைவும் ஓடுகின்றனர்.

இப்போட்டியின் கணக்கு முறை, வணிகவியல் பயின்ற நமக்குச் சற்று வியப்பானது. ஓடுபாதையில் வினாடிகள் எண்ணப்படுகின்றன. இங்கோ இடங்கள் எண்ணப்படுகின்றன. உலகப் போட்டியில் ஓர் அணியில் அறுவர் வரை ஓடலாம். முதலில் வரும் நால்வரின் இடங்கள் கூட்டப்படும். முதலிடத்திற்கு 1 புள்ளி, பத்தாமிடத்திற்கு 10 புள்ளி. கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அதுவே வெற்றி பெறும். அணியில் ஒருவர் முதலாவதாக வந்து, நான்காமவர் எண்பதாவதாக வந்தால் அணி தோற்றுவிடும். ஆகவே, நடுவரிசையில் மூச்சிரைக்க ஓடிவரும் நான்காமவர் கடைசி நூறு மீட்டரில் மூவரை முந்தினால், அணியின் கணக்கில் மூன்று புள்ளிகள் குறைகின்றன. 1986 முதல் 2003 வரை தொடர்ந்து 18 ஆண்டுகள் கென்யா ஆண்கள் அணிப் பட்டத்தை வென்றது இத்தகைய ஆழத்தினால்தான். பதக்க மேடை ஏறாத பிள்ளைக்கும் பங்குண்டு என்று சொல்லும் விளையாட்டுகள் பல இல்லை.

இடம் எங்கே?

சுமார் 2 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல லட்சம் மக்கள் வாழும் தாராவியில், ஓடுவதற்கு இடம் கேட்பதே ஆடம்பரமாகத் தோன்றலாம். 90 அடிச் சாலையும் 60 அடிச் சாலையும் விடிந்த சிறிது நேரத்தில் கைவண்டிகளுக்கும் டெம்போக்களுக்கும் உரியவையாகிவிடுகின்றன. ஆனால் அதிகாலையில் சற்றே வெளியே வந்தால் வழி திறக்கிறது. தாதரின் சிவாஜி பூங்கா மைதானத்தின் சுற்றுப்பாதை ஏறக்குறைய 1.2 கி.மீ.; நான்கு சுற்று ஓடினால் 5 கி.மீ.க்கு அருகில் வந்துவிடும். மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களைச் சுற்றியுள்ள சாலைகளில் நிழலும் உண்டு, வாகன நெரிசலும் குறைவு. சயான் கோட்டை அமைந்த சிறு குன்று ஏற்றப் பயிற்சிக்கு ஏற்றது. செம்பூரில் டைமண்ட் கார்டனைச் சுற்றியுள்ள உட்சாலைகள் உள்ளன. தாதர் கடற்கரையின் ஈரமணல் கணுக்காலுக்கு வலுச் சேர்க்கும். மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையில் போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குச் சென்றால், உண்மையான கிராஸ் கன்ட்ரி நிலம் எப்படியிருக்கும் என்பதைப் பிள்ளைகள் கண்டுகொள்வர்.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மும்பையின் காலைப் பனிமூட்டம் வெறும் பனியன்று. காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டினால் அது ‘மோசம்’ என்று வகைப்படுத்தப்படுகிறது. அத்தகைய நாள்களில் கடும் ஓட்டத்தைத் தவிர்த்து, வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்வதே நன்று. மழைக்காலத்தில் சாலையோரக் கால்வாய்களும் மூடியில்லாத குழிகளும் கண்ணுக்குத் தெரியா. தேங்கிய நீரில் ஓடுவதை ஒருபோதும் அனுமதிக்கலாகாது.

எவ்வளவு ஓடலாம்?

பெற்றோர் பலரும், பயிற்சியாளர் சிலரும் தடுமாறுவது இங்கேதான். பிள்ளை ஒரு பந்தயத்தில் வென்றவுடன், அடுத்த வாரம் இருமடங்கு ஓடச் செய்யும் ஆவல் எழுகிறது. உடல் அப்படி வளர்வதில்லை. மெதுவான நீண்ட ஓட்டத்தில் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூடுதலாக இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. தசைகளில் நுண்குழாய்கள் பெருகுகின்றன. இம்மாற்றங்கள் நிகழ வாரங்கள் அல்ல, மாதங்களும் ஆண்டுகளும் வேண்டும். மூச்சு விரைவில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் மெல்லவே பழகும். வளரும் வயதில் எலும்பின் முனைகளில் உள்ள வளர்தகடுகள் மென்மையானவை. முழங்காலுக்குக் கீழே தோன்றும் வலியை ‘பயிற்சி வலி’ என்று ஒதுக்கிவிடாமல், ஓய்வு அளித்து மருத்துவரிடம் காட்டுவது கடமை.

எளிய வழிமுறை ஒன்றுண்டு. ஓடும்போது அருகில் ஓடுபவருடன் முழு வாக்கியத்தில் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். வாரத்தின் பெரும்பாலான ஓட்டங்கள் இவ்வகையில் அமைய வேண்டும். ஒரு நாள் ஏற்ற ஓட்டமோ, விரைவும் நிதானமும் மாறிமாறி வரும் ஓட்டமோ போதும். ஒரு நாளேனும் முழு ஓய்வு வேண்டும். இரவு எட்டு, ஒன்பது மணி நேர உறக்கமும் பயிற்சியின் ஒரு பகுதியே.

பதினைந்து, பதினாறு வயது மாணவர் ஒருவர், பல மாதங்களில் படிப்படியாகப் பழகி, வாரத்திற்கு ஐந்து நாள், நாளொன்றுக்குச் சராசரி 5 கி.மீ. ஓடுகிறார் என்று கொள்வோம். வாரத்திற்கு 25 கி.மீ. விடுமுறை இரு வாரங்கள் போக, 50 வாரங்களில் 1,250 கி.மீ. மும்பையிலிருந்து சென்னைக்குச் செல்லும் ரயில் பாதையின் நீளம் ஏறக்குறைய இவ்வளவே! ஒரு நாளும் தம்மை வருத்திக்கொள்ளாமல், அம்மாணவர் ஓராண்டில் ஊருக்கே ஓடிச் சென்றுவிடுகிறார். தொடர் வைப்புக் கணக்கு வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை. சிறு தொகை, தவறாத தவணை, இடையில் எடுக்காத பொறுமை: இரண்டுக்கும் விதி ஒன்றே.

முன்கூட்டியே எடுத்தால்

வைப்பை முன்கூட்டியே முறித்தால் நேரும் இழப்பு ஓட்டத்திலும் உண்டு. 2006 மே மாதம் ஒடிசாவில், நான்கு வயதுச் சிறுவன் புதியா சிங், பூரியிலிருந்து புவனேசுவரம் வரை 65 கி.மீ. தொலைவை 7 மணி 2 நிமிடங்களில் ஓடினான். நாடே வியந்தது. மருத்துவர்கள் அஞ்சினர், அரசு தலையிட்டு அத்தகைய ஓட்டங்களைத் தடுத்தது. பின்னர் அவன் அரசு விளையாட்டு விடுதியில் சேர்க்கப்பட்டான். நான்கு வயதில் நாடறிந்த அப்பெயர், வளர்ந்த பிறகு பெரும் பந்தயங்களின் பதக்கப் பட்டியலில் இடம்பெறவில்லை.

இதற்கு நேர்மாறான சான்றுகளை நம் மாநிலத்திலேயே காணலாம். பீட் மாவட்டத்தின் மாண்ட்வா கிராமத்தைச் சேர்ந்த அவினாஷ் சாப்ளே, சிறுவயதில் பள்ளிக்குப் பல கிலோமீட்டர் நடந்தும் ஓடியும் சென்றவர். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இராணுவத்தில் சேர்ந்து, சியாச்சினில் பணியாற்றிய பிறகே, 2015ல் இராணுவ கிராஸ் கன்ட்ரி போட்டிகளின் வழியே ஓட்டத்துறைக்கு வந்தார். 2022 காமன்வெல்த் போட்டியில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தில் 8 நிமிடம் 11.20 வினாடியில் வெள்ளி வென்றபோது அவருக்கு வயது 27. சாத்தாரா மாவட்டத்தின் மோஹி கிராமத்தைச் சேர்ந்த லலிதா பாபர், மும்பை மாரத்தானில் 2012 முதல் 2014 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இந்தியப் பெண்கள் பிரிவில் முதலிடம் பெற்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஸ்டீபிள்சேஸ் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்று பத்தாமிடம் பிடித்தபோது அவருக்கும் வயது 27. தமிழகத்தின் புதுக்கோட்டையிலிருந்து வந்த கோ. லட்சுமணன், 2017ல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். பெருநகர வசதிகளுக்கு அப்பாலிருந்து வந்த இவர்களின் வெற்றி பள்ளி வயதில் அன்று, அதற்கு வெகு பின்னரே வந்தது. மும்பை மாரத்தானின் முழுத் தொலைவு ஓட்டத்திற்கு 18 வயது நிறைவு கட்டாயம் என்ற விதியின் பொருளும் இதுவே.

தட்டில் என்ன இருக்கிறது?

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். ஓடும் பெண்பிள்ளை திடீரெனக் களைப்புற்று வேகம் இழந்தால், ‘சோம்பல்’ என்று கடிந்துகொள்வதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்வது முறை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுண்டல், வேர்க்கடலை, முட்டை ஆகியவை நம் வீடுகளுக்குப் புதியன அல்ல. எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவும். உணவோடு சேர்த்து அருந்தும் தேநீரோ அதைத் தடுக்கும். விலையுயர்ந்த புரதப் பொடிகளுக்குச் செலவிடும் தொகையை, பாதத்திற்குப் பொருந்தும் நல்ல ஷூ ஒன்றுக்குச் செலவிடலாம்.

படிப்பும் பணமும்

பத்தாம் வகுப்பு வந்தவுடன் ஓட்டத்தை நிறுத்திவிடும் குடும்பங்கள் பல. அவர்களின் அச்சம் நியாயமானது. ஒற்றை வருமானத்தில் வாழும் வீட்டில் ஒரு மதிப்பெண்ணும் வீணாகக் கூடாது. ஆனால் நாள்தோறும் 40 நிமிட ஓட்டம் படிப்பின் எதிரியன்று. மகாராஷ்டிரக் கல்வி வாரியம், குறிப்பிட்ட நிலைகளில் பங்கேற்ற 10, 12ஆம் வகுப்பு மாணவர்க்கு விளையாட்டுச் சலுகை மதிப்பெண் வழங்குகிறது. மாநில அரசுப் பணிகளில் தகுதியுள்ள விளையாட்டு வீரர்க்கு 5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. இராணுவம், ரயில்வே, காவல்துறை ஆகியவையும் வாய்ப்பளிக்கின்றன. மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வு பெறும் வீரர்க்கு ஆண்டுக்கு ரூ.6.28 லட்சம் மதிப்பிலான உதவி கிடைக்கிறது, அதில் ரூ.1.20 லட்சம் கைச்செலவுக்குரியது. இத்தேர்வு மிகச் சிலர்க்கே வாய்க்கும். ஆகவே அதை நம்பித் திட்டமிடாமல், வாய்த்தால் வரவேற்போம்.

செய்ய வேண்டியவை எளியவை. ஒவ்வொரு போட்டிச் சான்றிதழையும் அன்றே நகலெடுத்துக் கோப்பில் வையுங்கள். சலுகை கோரும்போது அதுவே ஆவணம். பத்து வயது நிறைந்த பிள்ளைகள், வங்கியின் விதிமுறைகளுக்கு உட்பட்டுத் தாமே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ளது. பரிசுத்தொகையும் உதவித்தொகையும் அதில் நேரடியாக வந்துசேரட்டும். மாதம் ரூ.500 தொடர் வைப்பில் போட்டால், ஆண்டு முடிவில் ரூ.6,000 அசலும் வட்டியும் சேரும். ஷூ, பயணச் செலவு, ஒரு மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்கு யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை.

உங்கள் பிள்ளை மாவட்டப் போட்டியில் நாற்பதாவதாக வந்து, முகம் வாடி வீடு திரும்பலாம். அப்போது, “எத்தனையாவது வந்தாய்?” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “போன முறையைவிட எத்தனை பேரை முந்தினாய்? அணியில் நான்காமவர் யார்?” என்றும் கேளுங்கள். ஒருவேளை அந்த நான்காமவர் உங்கள் பிள்ளையாகவே இருக்கலாம். அணியின் கணக்கு அவரால்தான் நேராகியிருக்கும். மறுநாள் ஓய்வு கொடுங்கள். அதற்கு அடுத்த நாள் அலாரம் அடிக்கும்போது, பிள்ளையுடன் நீங்களும் எழுந்து சிவாஜி பூங்காவை ஒரு சுற்று நடந்து வாருங்கள். தவணை தவறாதிருக்க அதைவிடச் சிறந்த வழியில்லை.