படபடப்புக்கு மருந்து எந்த இலையில்? துப்பு துலக்குது கம்ப்யூட்டர்!

சென்னை -

நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தாலும் தூக்கம் இல்லை. "கஷாயம் வச்சுக் குடி, சரியாயிடும்" என்பார் பாட்டி. "மாத்திரை போடுங்க" என்பார் டாக்டர்.

பாட்டி சொல்லும் இலை, வேரில் நிஜமாகவே சரக்கு உண்டா என்று கம்ப்யூட்டரை வைத்துத் துப்பு துலக்கும் வேலை பல நாடுகளில் நடந்து வருகிறது. அதற்கு உதவும் பெரிய பட்டியல் ஒன்று நம்ம தரமணியில் தயாரானது!

அங்குள்ள கணித அறிவியல் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் "இம்பாட்" என்ற பட்டியலை வெளியிட்டார்கள். அப்போது 1,742 மூலிகை, 9,596 ரசாயனப் பொருள். பிறகு அது 4,010 மூலிகை, 17,967 பொருள் என்று வளர்ந்து விட்டது. மிளகு, மஞ்சள், இஞ்சி எல்லாம் இதில் அடக்கம். காசு கொடுக்காமலே பார்க்கலாம். படபடப்புக்கென்று மட்டும் போட்ட பட்டியல் அல்ல; எந்த நோய்க்கும் இதில் தேடலாம்.

பூட்டும் சாவியும்

மூளை நரம்புகளின் ஆட்டத்தை அடக்கும் பொருளுக்கு "காபா" என்று பெயர். அது போய் உட்காரும் இடம் ஒரு பூட்டு மாதிரி. டயாசிபாம் மாத்திரை அதே பூட்டில் வேறொரு துளையில் நுழைந்து காபாவுக்குப் பலம் கூட்டுகிறது.

கம்ப்யூட்டர் அந்தப் பூட்டின் வடிவத்தை வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து மார்க் போடும். சோதனைக்கூடத்தில் ஆள் வைத்துச் செய்தால் வருஷக்கணக்கில் ஆகும்.

ஆனால் இது போலீஸ் ஸ்டேஷனில் பழைய கேடிகள் போட்டோவைப் புரட்டுவது போலத்தான். முகம் பொருந்தினால் பிடித்து விசாரிக்கலாம். தண்டனை கொடுத்துவிட முடியுமா?

ஏமாற்றிய சாவி

சீமைச்சாமந்திப் பூவில் உள்ள "அபிஜெனின்" கதையே சாட்சி. அது இந்தப் பூட்டில் நுழைகிறது, எலிகளின் பயத்தைக் குறைக்கிறது என்று 1995-ல் அர்ஜெண்டினா விஞ்ஞானிகள் சொன்னார்கள். கம்ப்யூட்டர் இல்லாமல், சோதனைக் குழாயில் கண்டது. 2000-ல் இத்தாலியில் மறுபடி விசாரித்தார்கள். நரம்பு செல்லில் அது காபாவின் வேலையைக் கூட்டவில்லை, குறைத்தது! சாவி நுழைந்தது, திருகியது மறுபக்கம்.

அதற்காகப் பூ வீண் என்றும் சொல்ல முடியாது. 2009-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 57 நோயாளிகளிடம் 8 வாரம் சோதித்ததில், பூவின் சாறு அடைத்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களை விட ஓரளவு பதட்டம் குறைந்தது. ஓரளவுதான்.

"இயற்கைதானே!"

பசிபிக் தீவுகளில் "காவா" என்ற வேரைக் கரைத்துக் குடிப்பார்கள். அதுவும் பயத்தைத் தணிக்கும் வேர்தான். அதில் செய்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஈரல் கெட்டதாகப் புகார்கள் வரவே, 2002-ல் ஜெர்மனி அனுமதியை ரத்து செய்தது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "கம்ப்யூட்டரே கண்டுபிடித்த மூலிகை" என்று எவரோ விற்கும் பொடியை நம்பி, பல மாதமாகச் சாப்பிட்டு வந்த டயாசிபாம் போன்ற மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

படபடப்பு தாங்கவில்லை, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்பவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். "டெலி மனாஸ்" என்ற மத்திய அரசுத் திட்டம், 2022-ல் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசலாம்.