குறைந்தது யாருக்கு?

வீடு கட்டும் இடத்தில் கடகடவென்று சுற்றுமே, சிமென்ட் கலவை மெஷின், அதற்குள் காய்ந்த இலைச் சருகைக் கொட்டுகிறார்கள். சீனாவிலிருந்து தபாலில் வந்த வெள்ளைப் பொடியை அசிட்டோனில் கரைத்து மேலே தெளிக்கிறார்கள். நகப்பூச்சை அழிக்கப் பயன்படும் அதே அசிட்டோன்தான். மெஷின் சுற்றச் சுற்ற அசிட்டோன் காற்றோடு போய்விடும், பொடி சருகில் ஒட்டிக்கொள்ளும். உலர்த்தி, பளபளக்கும் சின்னப் பொட்டலங்களில் அடைத்தால் சரக்கு தயார். எந்தச் சருகில் எவ்வளவு ஒட்டியது என்று தயாரித்தவனுக்கே தெரியாது. ஒரே பொட்டலத்தில் ஒரு சிட்டிகை லேசாகக் கிறங்க வைக்கும். அடுத்த சிட்டிகை ஆளையே சாய்த்துவிடும்.

இதற்குத்தான் செயற்கைக் கஞ்சா என்று பெயர். ஸ்பைஸ், கே2, க்ரோனிக் என்று ஊருக்கொரு வணிகப் பெயரும் உண்டு. கஞ்சாச் செடிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கஞ்சாவில் இருக்கும் டிஎச்சி நம் மூளையில் போய் உட்காரும் அதே இடத்தில் இந்தப் பொடியும் போய் உட்காருகிறது, அவ்வளவுதான். டிஎச்சி அந்த இடத்தை ஓரளவுக்குத் தூண்டிவிட்டு நின்றுவிடும். இந்தப் பொடிகளில் பெரும்பாலானவை அதை உச்சம் வரை தூண்டக்கூடியவை. வலிப்பு, சிறுநீரகப் பாதிப்பு, கட்டுக்கடங்காத வாந்தி, நினைவிழப்பு, சில நேரம் மரணம் என்று அதன் விளைவுகள் கஞ்சாவின் கணக்கில் அடங்காதவை.

இதைத் தடை செய்தால் பயன்பாடு குறையுமா? இந்தக் கேள்விக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நாடு நாடாகப் பதில் எழுதப்பட்டு வருகிறது. குறைகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது, மறுக்க முடியாத சான்று. ஆனால் அந்தப் புள்ளிவிவரத்தைப் படித்து முடித்ததும் மனம் நிம்மதி அடையவில்லை. யாரிடம் குறைந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

கதை ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் என்ற வேதியியல் பேராசிரியர், மூளையில் டிஎச்சி போய் உட்காரும் அந்த ஏற்பிகள் எப்படி வேலை செய்கின்றன என்று அறிய நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளை உருவாக்கினார். அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதியில் நடந்த முறையான ஆய்வு. தயாரிக்கும் விதத்தையும் ஆய்விதழ்களில் வெளியிட்டார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய அந்த வரிசையில் ஒன்றுதான் ஜேடபிள்யூஎச்-018. மனிதர்கள் புகைப்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை. யாரோ ஒருவர் ஆய்விதழைப் படித்துவிட்டு, அதைச் செய்யச் சொல்லித் தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுத்தார்.

2000களின் நடுப்பகுதியில் ஐரோப்பியக் கடைகளில் ஸ்பைஸ் பொட்டலங்கள் தொங்கத் தொடங்கின. உறையில் மூலிகைகளின் பட்டியல் இருந்தது, கூடவே மனிதர் உட்கொள்வதற்கல்ல என்ற எச்சரிக்கையும். 2008 டிசம்பரில்தான் ஜெர்மனியின் ஆய்வாளர்கள் உள்ளே இருப்பது ஜேடபிள்யூஎச்-018 என்று கண்டுபிடித்தார்கள். ஜெர்மன் அரசு அசாத்திய வேகத்தில் 2009 ஜனவரி 22 அன்று தடை விதித்தது. சில வாரங்களில் கடைக்கு வந்த புதுப் பொட்டலத்தில் இருந்தது ஜேடபிள்யூஎச்-073. மூலக்கூறின் வாலில் ஒரே ஒரு கார்பன் அணு குறைவு. தடைப்பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.

பிறகு நடந்தது முழுக்க இந்த ஓட்டப்பந்தயம்தான். 2011 மார்ச்சில் அமெரிக்கா ஐந்து மூலக்கூறுகளைத் தடை செய்தது. வேறு மூலக்கூறுகள் வந்தன. ஐரோப்பியப் போதைப்பொருள் கண்காணிப்பு அமைப்பின் பட்டியலில் இதுவரை 250க்கும் மேற்பட்ட செயற்கைக் கஞ்சா வகைகள் ஏறியிருக்கின்றன. தடை வந்த பிறகு பிறந்த வாரிசுகளில் பல, தடைபட்ட மூத்ததைவிட வீரியமானவை என்பது இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது பளிச்சென்று தெரியும். காரணம் எளிது. ஒளித்துக் கடத்தும் சரக்கு சின்னதாக இருக்க வேண்டும், சின்னதில் அதிகப் போதை இருக்க வேண்டும். 2016 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளின் தெருவொன்றில் 33 பேர் ஒரே நாளில் நடைபிணங்கள்போல வெறித்து நின்ற காட்சியைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் புகைத்தது ஏஎம்பி-ஃபுபினாகா. டிஎச்சியைவிட சுமார் 85 மடங்கு வீரியம் என்று அதை ஆராய்ந்த மருத்துவர்கள் எழுதினார்கள்.

தடையால் பயன்பாடு குறையுமா என்ற கேள்விக்காகவே படைக்கப்பட்ட நாடு நியூசிலாந்து என்று எனக்குத் தோன்றும். அங்கே மூலைக்கு மூலை இருக்கும் சில்லறைக் கடையை டெய்ரி என்பார்கள். பால், ரொட்டி, ஐஸ்கிரீம் விற்கும் அந்தக் கடையில்தான் செயற்கைக் கஞ்சாவும் வெளிப்படையாகக் கிடைத்தது. 2011 ஆகஸ்டில் க்ரோனிக் உள்ளிட்ட பொட்டலங்களைத் தற்காலிகத் தடை ஆணை மூலம் நிறுத்தினார்கள். மூலக்கூறை மாற்றிப் புதுப் பொட்டலம் வந்தது. மறுபடி ஆணை, மறுபடி பொட்டலம். அலுத்துப்போன அரசு 2013 ஜூலையில் உலகில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தது. தீங்கு குறைவு என்று தயாரிப்பாளர் தன் செலவில் நிரூபிக்கட்டும், நிரூபித்தால் உரிமம் தருகிறோம் என்று சட்டம் போட்டது. நாடாளுமன்றத்தில் ஆதரவாக 119 வாக்கு, எதிர்த்து ஒன்றே ஒன்று. டெய்ரிகளில் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள். அதுவரை மூவாயிரத்துக்கு மேல் இருந்த விற்பனைக் கடைகள் இருநூறுக்கும் கீழே வந்துவிட்டன. நிரூபிக்கும்வரை இடைக்கால உரிமத்தோடு சில பத்துப் பொருட்கள் மட்டும் விற்பனையில் இருந்தன.

அது பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். கடைகள் குறைந்ததால் இருக்கிற கடை வாசலில் கூட்டம் சேர்ந்தது. அடிமைப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர், ஊர் நடுவே இந்த வரிசையைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. ஊர் ஊராகப் போராட்டம் நடந்தது. அது தேர்தல் ஆண்டு. 2014 மே மாதம் அத்தனை இடைக்கால உரிமங்களையும் ஒரே திருத்தத்தில் ரத்து செய்தார்கள். விலங்குகள்மீது சோதித்த தரவுகளைப் பாதுகாப்புக்கு ஆதாரமாகக் காட்டக் கூடாது என்றும் சேர்த்தார்கள். நாயையும் முயலையும் இதற்காக வதைக்கக் கூடாது என்ற உணர்வு நியாயமானதுதான். ஆனால் அந்த ஒரு விதியோடு உரிமம் பெறும் வழி அடைபட்டுப் போனது. சட்டம் ஏட்டில் இருந்தது, அதன்கீழ் ஒரு பொருள்கூட அனுமதி பெறவில்லை.

கடைகளிலிருந்து பொட்டலம் மறைந்தது. வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், சும்மா ருசி பார்க்க வாங்கியவர்கள் விலகிப் போனார்கள். மீதி இருந்தவர்கள் வீடற்றவர்கள், மனநோயோடு போராடுபவர்கள், சிறையிலிருந்து வெளியே வந்து கால் ஊன்ற முடியாதவர்கள். இவர்களுக்குத் தெருவில் சரக்கு கிடைத்தது. 2017இல் அந்தச் சரக்கில் வந்து சேர்ந்தது, புரூக்ளினில் பார்த்தோமே, அதே ஏஎம்பி-ஃபுபினாகா. அங்கே இருந்ததைவிடப் பல மடங்கு செறிவாக. 2017 ஜூன் தொடங்கி ஓராண்டுக்குள் 40 முதல் 45 பேர் செயற்கைக் கஞ்சாவால் இறந்திருக்கலாம் என்று நாட்டின் தலைமை மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் உறுதியான மரணங்கள் இரண்டு.

தடையை மட்டும் இதற்குக் குற்றவாளி ஆக்குவது நேர்மையாகாது. ஏஎம்பி-ஃபுபினாகா அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. ஆனால் உரிமக் கடை இருந்திருந்தால் அதன் அலமாரியில் இந்தப் பொடிக்கு இடம் கிடைத்திருக்காது. கடையை மூடியவர்கள், அங்கே வரிசையில் நின்ற கடைசி ஆள் இனி எங்கே போவான் என்று யோசித்திருக்க வேண்டும். அதை யோசிக்க அவர்களுக்கு நாற்பது உயிர்கள் தேவைப்பட்டன. 2019இல் சட்டத்தைத் திருத்தி, அந்தப் பொடியை விற்பவருக்கு ஆயுள் தண்டனை வரை என்று கடுமையாக்கிய அதே கையோடு, வைத்திருப்பவர்மீது வழக்குப் போடுமுன் சிகிச்சை உதவுமா என்று காவல்துறை பார்க்க வேண்டும் என்றும் எழுதினார்கள்.

பிரிட்டன் வேறு வழியில் போய் அதே இடத்துக்கு வந்தது. 2016 மே 26 முதல், பெயர் பார்க்காமல், போதை தரும் எந்தப் புதுப் பொருளையும் விற்பது குற்றம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடைகளிலிருந்து சரக்கு கிட்டத்தட்ட ஒரே இரவில் காணாமல் போயிற்று. 16 முதல் 24 வயதுக்காரர்களில் புதுவகைப் போதைப்பொருள் எடுத்ததாகச் சொன்னவர்கள் 2.6 விழுக்காட்டிலிருந்து அடுத்த ஆண்டே 1.2 ஆனார்கள். சட்டம் வென்றதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டால், அந்தக் கணக்கு எப்படி எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். வீடு வீடாகப் போய்க் கேட்ட கணக்கு அது. அடுத்த ஆண்டு வசந்த காலத்தில் மான்செஸ்டரின் பிக்காடில்லி தோட்டத்தில், இடுப்பில் மடிந்து சிலைபோல உறைந்து நின்றவர்களுக்குத் தட்டுவதற்கு ஒரு வீட்டுக் கதவு இல்லை. சிறைக் கதவையும் அந்தக் கணக்கெடுப்பாளர்கள் தட்டுவதில்லை.

சிறையைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் 1996 முதல் கட்டாயச் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. கஞ்சா புகைத்தால் வாரக்கணக்கில் சிறுநீரில் தெரியும். பிடிபட்டால் கூடுதல் நாட்கள் உள்ளே. ஸ்பைஸ் அந்தப் பரிசோதனையில் தெரியாமலிருந்தது. 2016 செப்டம்பரில்தான் அதைக் கண்டுபிடிக்கும் சோதனையே வந்தது, அதுவும் பட்டியலில் இருக்கும் மூலக்கூறுகளுக்கு மட்டும். ஆக, கைதிகளைக் கஞ்சாவிலிருந்து அதைவிடக் கொடிய பொருளை நோக்கித் தள்ளியதில் பரிசோதனைக்கும் பங்கு உண்டு. சரக்கு உள்ளே போகும் விதம் நெஞ்சை உலுக்கும். பொடியைக் கரைத்த திரவத்தில் வெள்ளைத்தாளை நனைத்துக் காயவைத்து, அதில் கடிதம் எழுதி அனுப்புவார்கள். உள்ளே அதைத் தபால்தலை அளவுக்குக் கிழித்து விற்பார்கள். ஒரு முழுத்தாள் பல நூறு பவுண்டு. பிள்ளை அப்பாவுக்கு வரைந்த படம்போல வந்த தாளிலும் இது பிடிபட்டிருக்கிறது. அதனால் பல சிறைகளில் இப்போது கடிதத்தின் நகல்தான் கைதியிடம் போகும். மகள் கிரேயான் பிடித்து வரைந்த சூரியன், சாம்பல் நிற ஜெராக்ஸாக அப்பா கைக்கு வருகிறது. தடையின் விலையில் இதுவும் உண்டு. எந்தப் புள்ளிவிவரத்திலும் இது ஏறாது.

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் ஓராண்டில் செயற்கைக் கஞ்சா எடுத்தவர்கள் 2011இல் 11.4 விழுக்காடு. 2016இல் 3.5. இந்தச் சரிவைத் தடையின் வெற்றி என்பவர்கள் பாதி சரி. பெட்ரோல் பங்க் அலமாரியில் கிடைத்தது கிடைக்காமல் போனது உண்மை. இது மோசமான சரக்கு என்று பிள்ளைகளே பார்த்துத் தெரிந்துகொண்டதும் உண்மை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. 2016 முதல் 2019 வரை நச்சுத் தகவல் மையங்களுக்கு வந்த சுமார் 7,600 அழைப்புகளை ஆராய்ந்தபோது, கஞ்சாவுக்குத் தாராளமான சட்டம் உள்ள மாநிலங்களில் செயற்கைக் கஞ்சா பாதிப்பு 37 விழுக்காடு குறைவாக இருந்தது. இதை வைத்துக் கஞ்சாவைத் திறந்துவிடச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அசல் எட்டாக்கனியாக இருக்கும் இடத்தில்தான் நகல் விலை போகிறது என்ற சாதாரண உண்மையை அந்த எண் காட்டுகிறது. பெரும்பாலானோர் செயற்கைக் கஞ்சாவை விரும்பித் தேடிப் போனவர்கள் அல்லர். பரிசோதனைக்குப் பயந்தோ, கையில் காசில்லாமலோ போனவர்கள்.

2021 ஜூலையில் சீனாவே இந்த மூலக்கூறு வகை முழுவதையும் ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. ஊற்றுக்கண்ணையே அடைத்ததாகப் பலர் நினைத்தார்கள். சீனச் சட்டத்தின் வரையறைக்குள் வராத புது வடிவங்கள் வந்தன. பாதி செய்த வேதிப்பொருளை அனுப்பி, கடைசிக் கட்டத்தை வாங்கும் நாட்டிலேயே முடித்துக்கொள்ளும் முறையும் வந்தது.

இங்கிலாந்தில் இப்போது செயற்கைக் கஞ்சா பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்திருக்கிறது. பாத் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் பட்னி, 38 பள்ளிகளில் மாணவர்களிடமிருந்து பறிமுதல் செய்த 596 வேப் கருவிகளைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார். ஆறில் ஒன்றில் ஸ்பைஸ் இருந்தது. பிள்ளைகள் கேட்டு வாங்கியது கஞ்சாத் திரவம். விற்றவர்கள் ஊற்றிக் கொடுத்தது மலிவான வேறொன்று. செயற்கைக் கஞ்சா எடுத்திருக்கிறாயா என்று எந்தக் கணக்கெடுப்பில் கேட்டாலும் அந்தப் பிள்ளை இல்லை என்றுதான் சொல்லும். அது பொய்யும் அல்ல. ஆசிரியர் மேஜையில் வைத்தே உள்ளிருப்பதைக் கண்டறியும் கையடக்கக் கருவி ஒன்றை பட்னியின் குழு உருவாக்கிக்கொண்டிருக்கிறது. கண்டறிந்த பிறகு பிள்ளையைப் பள்ளியைவிட்டு அனுப்புவதா, அருகில் உட்காரவைத்துப் பேசுவதா என்பதை அந்தந்தப் பள்ளிதான் முடிவு செய்ய வேண்டும். பிக்காடில்லி தோட்டத்தில் நின்றவர்களும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.