நாக்கில் எறும்பு ஊரும் ஊர்

மாலா கடை இல்லாத உணவங்காடி நிலையம் சிங்கப்பூரில் அபூர்வமாகிவிட்டது. அலுவலக நண்பர்களோடு அதைச் சாப்பிட்டுப் பழகிய தைரியத்தில், அதன் தாயகமான சிச்சுவானுக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். செங்டு நகரம் இங்கிருந்து விமானத்தில் ஏறக்குறைய 5 மணி நேரம். 2010ல் யுனெஸ்கோ உணவுக்கலை நகரமாக அறிவித்த ஊர். அம்மாவுக்கு வயது 68. மாட்டிறைச்சியைத் தொடமாட்டார். அது சிக்கலாகும் என்று நான் நினைக்கவே இல்லை.

முதல் இரவு ஸ்டீம்போட் கடைக்குப் போனோம். மேசையில் வைத்த சட்டியில் சிவப்பாக ஒரு கட்டி மெல்ல உருகிக்கொண்டிருந்தது. மிளகாயும் மசாலாவும் சேர்த்து உறையவைத்த மாட்டுக் கொழுப்பு அது. அங்குள்ள ஸ்டீம்போட்டின் மணமே அதிலிருந்துதான் வருகிறது. காளான், கீரை என்று பார்த்துப் பார்த்துக் கேட்ட நான், சூப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கைப்பேசியில் மொழிபெயர்ப்பைப் படித்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “நீ சாப்பிடுப்பா” என்று சொல்லிவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டார். எனக்கும் அதற்குமேல் இறங்கவில்லை.

மறுநாள் மாப்போ தோஃபு. 19ஆம் நூற்றாண்டில் இதே ஊரில் பாலத்தருகே சாப்பாட்டுக் கடை நடத்திய, முகத்தில் அம்மைத் தழும்புள்ள ஒரு மூதாட்டியின் கைப்பக்குவம் என்பார்கள். ‘மா’ என்பது அந்தத் தழும்பு. ‘போ’ என்றால் கிழவி. தோஃபுதானே என்று நம்பி உட்கார்ந்தால், அதிலும் கொத்திய மாட்டிறைச்சி! பழைய செய்முறையே அப்படித்தானாம். அம்மா மீண்டும் சோற்றுக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

தங்குவிடுதி முகப்பில் இருந்த பெண்தான் இரண்டு சொற்களைத் தாளில் எழுதிக் கொடுத்தார். ‘ந்யூ யோ’ என்றால் மாட்டுக் கொழுப்பு. ‘ச்சிங் யோ’ என்றால் தாவர எண்ணெய். பின்னதில் செய்த சூப்பும் பல கடைகளில் கிடைக்கிறது, கேட்டால்தான் உண்டு. நம்மவர்கள் போவதென்றால் இந்த இரண்டையும் சீன எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சைவச் சமையலறையே வேண்டும் என்றால் வென்ஷு பௌத்த மடாலயத்தின் உணவகம் இருக்கிறது.

மூன்றாம் நாள் அங்கேதான் அம்மா வயிறாரச் சாப்பிட்டார். நடுவில் எதையோ கடித்துவிட்டுத் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “நாக்குல எறும்பு ஊருதுடா!”

சிச்சுவான் மிளகு. பெயரில்தான் மிளகு, உண்மையில் எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. விதையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் சமையலில் சேர்க்கிறார்கள். அது தருவது காரமல்ல, மரத்துப்போகும் உணர்வு. அந்தத் துடிப்பு விநாடிக்கு சுமார் 50 அதிர்வுகளுக்குச் சமம் என்று லண்டன் ஆய்வாளர்கள் 2013ல் அளந்து சொன்னார்கள். மாலாவில் ‘மா’ இந்த மரமரப்பு, ‘லா’ மிளகாய்க் காரம். அமெரிக்கக் கண்டத்து மிளகாய் வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த ஊர் அடுப்பில் இந்த மிளகு இருந்தது. நம் வீட்டிலும் மிளகுக்குப் பிறகு வந்ததுதானே மிளகாய்!

திரும்பும்போது அம்மா ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். போன வாரம் ரசத்தில் நான்கைத் தட்டிப் போட்டிருக்கிறார். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லவில்லை.