உங்களுக்குத் தெரியுமா? உப்பிலேயே புளிக்கும் முட்டைக்கோஸ்

ஜெர்மானியரின் சவர்க்ராட் நன்றாகவே புளிக்கும். ஆனால் அதில் ஒரு சொட்டு வினிகர்கூடக் கிடையாது. முட்டைக்கோஸ், உப்பு, இரண்டே பொருள்தான். இலையில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் கோஸின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக்குகின்றன. அந்தப் புளிப்புதான் இது.

முதன்முறை செய்கிறவருக்கு அவசியமான கருவி எது? ஜாடிகூட இல்லை, தராசு என்பேன். நறுக்கிய கோஸை எடைபோட்டு, ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு சேர்க்க வேண்டும். ஸ்பூன் கணக்கு இங்கே உதவாது. ஒரு ஸ்பூன் தூள் உப்பும் ஒரு ஸ்பூன் கல்லுப்பும் ஒரே எடை நிற்காது. உப்பு குறைந்தால் கோஸ் கொழகொழத்துப் போகும், கெடுக்கும் கிருமிகள் முந்திக்கொள்ளும். கூடினால் புளிப்பு ஏறாது, வாயிலும் வைக்க முடியாது.

தண்ணீர் ஊற்றவே தேவையில்லை! உப்புப் போட்டுப் பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்தால் கோஸ் தானே நீர் விடும். ஜாடியில் அழுத்தி அடைத்ததும் அந்த நீர் கோஸுக்கு மேலே நிற்க வேண்டும். வாடிய கோஸாக இருந்து நீர் போதவில்லையா? ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். மேலே ஒரு முழு இலையைப் பரப்பி, அதன்மேல் கனமாக ஏதாவது வையுங்கள். நீருக்குள் மூழ்கிய கோஸ் புளிக்கும், வெளியே நீட்டிக்கொண்டிருப்பது பூஞ்சணம் பிடிக்கும். இந்தச் சமையலில் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது.

நம் இட்லி மாவைப் பொங்கவைக்கும் லூக்கனோஸ்டாக் மெசென்டெராய்ட்ஸ் என்ற பாக்டீரியாதான் இங்கேயும் முதலில் வேலையைத் தொடங்குகிறது. அது வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு ஜாடியில் மிஞ்சியிருக்கும் காற்றை வெளியேற்றிவிடும். அமிலம் ஏற ஏற அதுவே தாங்காமல் ஒதுங்க, புளிப்பை அதிகம் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் பொறுப்பேற்கின்றன. கடைசியில் பி.ஹெச். அளவு 3.5-ஐ ஒட்டி இறங்கிவிடும். உயிருக்கே ஆபத்தான பாட்டுலிசம் கிருமி 4.6-க்குக் கீழே வளராது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் குளிர்காலம் முழுக்க இதைப் பயமின்றிச் சாப்பிட முடிந்தது இதனால்தான்.

முதல் சில நாட்கள் வாயு பலமாக வரும். மூடியை இறுக்கினால் கண்ணாடி ஜாடி வெடிக்கவும் கூடும். தினமும் ஒருமுறை தளர்த்தி விடுங்கள். ஜெர்மானியப் பீங்கான் ஜாடிகளின் விளிம்பைச் சுற்றி நீர் நிரப்பும் பள்ளம் இருக்கும். மூடி அந்த நீரில் அமர்வதால் உள்ளிருக்கும் வாயு குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே நுழையாது. எளிமையான, அருமையான வடிவமைப்பு.

மேலே மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் பதற வேண்டாம். அது பெரும்பாலும் ஈஸ்ட்தான், வழித்து எறியலாம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சுபோல் வளர்ந்திருந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

ஏற்ற வெப்பம் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிர்ச்சியில் மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். சென்னைக் கோடையில் வேகம் கூடிவிடும், கோஸும் சீக்கிரம் மெத்தென்று ஆகிவிடும். வீட்டிலேயே குளுமையான மூலையில் வைத்து, நாலைந்து நாளிலிருந்தே ருசி பார்த்து வருவது நல்லது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

1768-ல் எண்டெவர் கப்பலில் புறப்பட்ட கேப்டன் ஜேம்ஸ் குக், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு எதிராகப் பீப்பாய் பீப்பாயாகச் சவர்க்ராட்டை ஏற்றிக்கொண்டார். மாலுமிகள் முதலில் தொட மறுத்தார்கள். அவர் யாரையும் வற்புறுத்தவில்லை. அதிகாரிகளின் மேஜையில் தினமும் பரிமாறச் செய்தார். ஒரு வாரத்துக்குள் எல்லோரும் கேட்க ஆரம்பித்து, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் நிலை வந்துவிட்டது! வைட்டமின் சி எலுமிச்சையில் இருக்கும் அளவுக்கு இதில் இல்லை. கரையிறங்கிய இடமெல்லாம் அவர் சேகரித்த பச்சைக் கீரைகளுக்கும் ஸ்கர்வியைத் தடுத்த பெருமையில் பங்குண்டு.

ஸ்டுட்கார்ட் நகரை ஒட்டிய ஃபில்டர் சமவெளியில் உச்சி கூம்பிய முட்டைக்கோஸ் ஒன்று விளைகிறது. மென்மையான அந்த இலை சவர்க்ராட்டுக்கென்றே பேர்போனது. அங்குள்ள லைன்ஃபெல்டன்-எக்டர்டிங்கன் ஊரில் அக்டோபரில் இதற்காகத் திருவிழாவே நடக்கிறது.

வில்ஹெல்ம் புஷ் 1865-ல் வெளியிட்ட 'மாக்ஸ் உண்ட் மோரிட்ஸ்' சித்திரக் கதையில், விதவை போல்டே சவர்க்ராட் எடுக்க நிலவறைக்கு இறங்கும் நேரம் பார்த்துத்தான் குறும்புக்காரப் பையன்கள் அவள் கோழிகளைப் புகைபோக்கி வழியே தூண்டிலிட்டு இழுக்கிறார்கள். சுடவைத்துச் சுடவைத்துச் சாப்பிட்டால் ருசி ஏறும் என்பது அவள் கட்சி. ருசி ஏறுவது உண்மைதான், ஆனால் சூட்டில் நல்ல பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். பாதியைச் சமைத்து, பாதியைப் பச்சையாக உண்ணுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை எண்ணிக் கொஞ்சமாக.