உங்களுக்குத் தெரியுமா? ஐந்து மடங்காகப் பெருகும் தீவு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்குத் தெற்கே இருக்கும் மார்த்தாஸ் வினியார்டு தீவுக்குப் பாலம் கிடையாது. உட்ஸ் ஹோல் துறையிலிருந்து கார்களையும் ஏற்றிவரும் கப்பலில் 45 நிமிடப் பயணம்.

● ஆண்டு முழுவதும் வசிப்பவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். கோடையிலோ கூட்டம் ஒரு லட்சத்தை எட்டிவிடும்.

● ஓக் பிளஃப்ஸ் ஊரில் 1835-இல் மெதடிஸ்டு கிறிஸ்தவர்கள் கூடாரமடித்துக் கோடைக்கால ஜெபக்கூட்டம் நடத்தினார்கள். பிறகு கூடாரங்கள் இருந்த இடத்தில் சரிகைபோல் மரவேலை செய்த வண்ண வீடுகள் எழுந்தன. இன்று சுமார் 300 வீடுகள் இருக்கின்றன. ஆகஸ்டில் ஓரிரவு வாசலெங்கும் காகித விளக்குகள் ஏற்றும் வழக்கம் 1869-இல் தொடங்கியது.

● இங்குள்ள குதிரை ராட்டினம் 1876-இல் செய்யப்பட்டது. சுற்றும்போது கை நீட்டி வளையங்களை உருவவேண்டும். பித்தளை வளையம் சிக்கினால் அடுத்த சுற்று இலவசம்!

● இயக்குநர் ஸ்பீல்பெர்க் ‘ஜாஸ்’ படத்தை 1974-இல் இங்குதான் எடுத்தார்.

● கோடை வந்தால் வாடகை எகிறும். குளிர்காலம் முழுக்கக் குடியிருந்த உள்ளூர் உழைப்பாளிகள் வீட்டைக் காலிசெய்து வேறிடம் தேட நேர்கிறது. விருந்தினரை வரவேற்கும் தீவு, தன் மக்களுக்கும் நிலையான கூரை தரவேண்டும்.