சாரல் காலத்து விருந்தும் ஆசிரியை வீட்டு அடுப்பும்

வைகாசியின் பிற்பகுதியில் தென்காசிச் சீமைக்கு இரண்டு அழைப்புகள் வருகின்றன. ஒன்று, குற்றால மலையிலிருந்து இறங்கி வரும் சாரலின் அழைப்பு. மற்றொன்று, கோடை விடுமுறை முடிந்து திறக்கும் பள்ளிக்கூடத்து மணியின் அழைப்பு. 2024-ஆம் ஆண்டில் ஜூன் 10-ஆம் நாளும், 2025-ஆம் ஆண்டில் ஜூன் 2-ஆம் நாளும் தமிழகத்துப் பள்ளிகள் திறந்தன. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாயின் வழியே புகுந்து, செங்கோட்டையையும் குற்றாலத்தையும் தென்காசியையும் நனைக்கத் தொடங்குவதும் ஏறத்தாழ அதே நாட்களில்தான்.

பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் ஆர்ப்பரிக்கத் தொடங்கிவிட்டால், மேலப்பாளையத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவினர்கள் புறப்பட்டு விடுகின்றனர். குற்றாலத்திற்கும் தென்காசிக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர் தொலைவே உள்ளது. ஆகவே, தென்காசியிலும் அதனை அடுத்த ஊர்களிலும் உறவினர் வீடு இருக்க, விடுதியில் தங்குவானேன் என்று வந்து இறங்குவோர் பலர். வருவோரை வரவேற்பதில் அவ்வீடுகளும் குறை வைப்பதில்லை. விருந்தோம்பல் நம் மார்க்கம் போற்றும் பண்பு. தமிழ் மண்ணின் மரபும் அதுவே.

ஆனால், அவ்வீட்டு இல்லத்தரசி ஓர் ஆசிரியையாக இருந்தால்? அங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது.

இரு பணிகள், இரு கைகள்

ஆசிரியைக்கு ஜூன் மாதம் ஆண்டின் கடினமான மாதம். புதிய மாணவர் சேர்க்கை, வருகைப் பதிவேடு, விலையில்லாப் பாடநூல்களை எண்ணிக் கொடுத்தல், பாடக்குறிப்பு எழுதுதல் என வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவியும். முதல் வகுப்பு ஆசிரியையின் நிலையோ இன்னும் வேறு. உம்மாவின் முந்தானையை விடாது பற்றிக்கொண்டு அழும் குழந்தையை வாங்கி, மடியில் இருத்தி, கண்ணீர் துடைத்து, நாளையும் தானாக வர வேண்டும் என்ற ஆசையை அதன் நெஞ்சில் ஊட்ட வேண்டும். அதற்கு வேண்டியது களைப்பில்லாத முகம்; பொறுமை வற்றாத உள்ளம்.

அந்த முகம் எங்கே உருவாகிறது? அவள் வீட்டு அடுப்பங்கரையில்தான். சுப்ஹுத் தொழுகைக்கு எழுந்தவள், தொழுது முடித்த கையோடு அடுப்பை மூட்டுகிறாள். மக்தபுக்கு ஓதச் செல்லும் பிள்ளைகளுக்குத் தேநீர். அவர்கள் திரும்பியதும் காலை உணவு. பிறகு கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தனக்குமாக டிபன் டப்பாக்கள். முந்திய நாள் துவைத்த சீருடை சாரலின் ஈரத்தில் காயாமல் கொடியிலேயே கிடக்கும். அதை இஸ்திரிப் பெட்டியால் காய வைக்க வேண்டும். இவ்வளவுக்கும் இடையே, இரவு அருவியில் குளித்துவிட்டு வந்த விருந்தினரின் நனைந்த துணிகள் ஒரு வாளி நிறையக் காத்திருக்கும். அவர்கள் எழுந்து வந்து பசியாறுவதற்கு முன்னர் இவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றாக வேண்டும்.

மாவாட்டும் உரலும் அம்மியும் இன்று ஓய்வு பெற்றுவிட்டன. கிரைண்டரும் மிக்சியும் வந்துவிட்டன. எனினும், ஊறப் போடுவதும், வழித்தெடுப்பதும், சுடுவதும், பரிமாறுவதும், கழுவி வைப்பதும் மனிதக் கைகளின் வேலையாகவே இருக்கின்றன. அந்தக் கைகள் பெரும்பாலும் ஒருத்தியின் கைகளாகவே இருப்பதுதான் நம் வீடுகளின் குறை.

நபிகளாரின் இல்லத்தில்

நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என்றும் அன்னையவர்கள் விடை பகர்ந்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. தம் செருப்பைத் தாமே தைத்துக் கொண்டதையும், தம் ஆடையின் கிழிசலைத் தாமே தைத்துக் கொண்டதையும் வேறு அறிவிப்புகள் எடுத்துரைக்கின்றன. ஒரு சமுதாயத்தின் தலைவர், படைகளை நடத்தியவர், வஹீயைச் சுமந்தவர் வீட்டு வேலையை இழிவென்று கருதவில்லை. அப்படியிருக்க, வெங்காயம் உரித்துக் கொடுப்பதும் தட்டுக் கழுவுவதும் ஆண்மைக்கு இழுக்கு என்று நம்மில் சிலர் எண்ணுவது எந்த மார்க்கத்திலிருந்து வந்தது?

அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் வரலாறும் நாம் அறிந்ததே. திருகை சுற்றிச் சுற்றி அவர்களின் கை காய்த்துப் போயிற்று. பணியாள் ஒருவர் வேண்டும் என்று தந்தையாரின் இல்லம் நாடிச் சென்றார்கள். அன்றிரவே பெருமானார் (ஸல்) அவர்கள் மகளின் வீட்டிற்கு வந்து, உறங்கச் செல்லுமுன் ஓத வேண்டிய தஸ்பீஹைக் கற்றுக் கொடுத்தார்கள். இந்நிகழ்ச்சியிலிருந்து தஸ்பீஹை மட்டும் நாம் எடுத்துக் கொண்டோம். காய்த்துப்போன கையின் வலியைக் கேட்டு, ஒரு தந்தை இரவென்றும் பாராது தேடி வந்தாரே, அந்த அக்கறையையும் சேர்த்தல்லவா எடுத்துக் கொள்ள வேண்டும்?

நம் பகுதியில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களை நோக்கினால், சமைப்பதும் மாவரைப்பதும் மனைவியின் மீது சட்டக் கடமையாக விதிக்கப்படவில்லை என்பது புலனாகும். அவள் செய்வது நற்குணத்தால். குடும்பத்தின் மீதுள்ள அன்பால். அன்பால் செய்யப்படும் பணிக்கு நன்றி உண்டு; பங்காளியும் உண்டு. அவள் ஈட்டும் ஊதியமும் அவளுக்கே உரியது. கைத்தொழில் செய்து குடும்பத்தைக் காத்த ஜைனப் (ரலி) என்னும் பெருமாட்டி, கணவர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களுக்கும் தம் பொறுப்பிலுள்ள அநாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாகுமா என்று வினவியபோது, உறவைப் பேணிய நன்மையும் தர்மத்தின் நன்மையும் என இரட்டை நற்கூலி உண்டென்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். சம்பளப் பணத்தை வீட்டுச் செலவுக்குத் தரும் ஆசிரியை, தர்மம் செய்பவளின் தகுதியில் இருக்கிறாள் என்பதை அக்குடும்பம் மறக்கலாகாது.

விருந்தினருக்கும் ஓர் எல்லை

விருந்தினரைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்று கற்பித்த அதே மார்க்கம், விருந்தினருக்கும் ஒழுக்கம் கற்பித்திருக்கிறது. ஒரு பகலும் ஓர் இரவும் சிறப்பான உபசாரம். விருந்து மூன்று நாட்கள். அதற்கு மேல் அளிப்பது தர்மம். வீட்டுக்காரரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவுக்குத் தங்குவது விருந்தினருக்கு ஆகாது என்பது நபிமொழியின் கருத்து.

திருமறையின் அல் அஹ்ஸாப் அத்தியாயத்து 53-ஆவது வசனத்தின் பின்னணியை எண்ணிப் பாருங்கள். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் திருமண விருந்துக்கு வந்தவர்களில் சிலர், உண்ட பின்னும் எழாமல் பேசிக் கொண்டிருந்தனர். பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அது சிரமமாக இருந்தது. ஆயினும், எழுந்து செல்லுங்கள் என்று சொல்ல நாணினார்கள். அவர்கள் சொல்ல நாணியதை இறைவனே எடுத்துச் சொன்னான். உணவு சமைந்து முடிவதை எதிர்பார்த்து முன்கூட்டி வந்து அமர்ந்திருக்க வேண்டாம். உண்டு முடித்ததும் பேச்சில் ஆழ்ந்து தங்கிவிடவும் வேண்டாம் என்பது அதன் போதனை. உலகுக்கே வழிகாட்டிய தூதரே வாய்விட்டுச் சொல்லக் கூசினார்கள் என்றால், தென்காசியின் ஒரு தெருவில் வாழும் ஆசிரியை தன் கணவரின் அக்காளிடமும் சிறிய மாமியாரிடமும் எப்படிச் சொல்வாள்? வந்தவர்களே உணர்ந்து கொள்வதுதான் முறை.

பள்ளி திறக்கும் வாரத்தைத் தவிர்த்து வரலாம். குற்றாலத்துச் சீசன் ஆகஸ்டு வரை நீடிப்பது வழக்கம். அருவி எங்கும் ஓடிவிடாது. வார நாட்களில் வர நேர்ந்தால், காலை உணவை வெளியே முடித்துக் கொள்ளலாம். நனைந்த துணியைத் தாமே அலசி உலர்த்தலாம். திரும்பி வரும்போது மங்குஸ்தானோ ரம்புட்டானோ வாங்கி வந்து அவ்வீட்டுப் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம். அடுப்பங்கரையில் ஒரு முறம் காய் நறுக்கிக் கொடுப்பது, ஆயிரம் நன்றிச் சொற்களை விட மேலானது.

எளிய உணவே இனிய உணவு

வீட்டாரும் விருந்தென்றால் நாள்தோறும் நெய்ச்சோறும் தாளிச்சாவும் கோழி வறுவலும் என்று நினைக்க வேண்டியதில்லை. முதல் நாள் சிறப்பாகச் செய்யலாம். மறுநாள் முதல் வீட்டில் உண்பதையே பரிமாறலாம். அரிசியும் பருப்பும் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் ஒரே பானையில் வெந்து, அரைத்த தேங்காயும் புளியும் சேர்ந்து மணக்கும் நம் நெல்லைச் சீமைக் கூட்டாஞ்சோறு, பத்துப் பேரின் பசியை ஒரே அடுப்பில் தீர்க்கும். பெருமானார் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டு விடுவார்கள். உப்புக் குறைந்தது, உறைப்புக் கூடியது என்று பேசும் நாவுகள் இதை நினைவில் கொள்ளட்டும்.

ஆசிரியை வீடுகளில் கைவந்த சில முறைகள் பிறருக்கும் பயன்படும். சாரலின் குளிர்ச்சியில் மாவு விரைவில் புளிப்பதில்லை. ஆகவே, பள்ளி விட்டு வந்த மாலையிலேயே அரைத்து, அடுப்பின் அருகே வெதுவெதுப்பான இடத்தில் மூடி வைப்பர். நல்லெண்ணெயில் காய்ச்சிய புளிக்காய்ச்சலும், வறுத்துத் திரித்த பருப்புப் பொடியும் விடுமுறை நாளிலேயே தயாராகி விட்டால், ஒரு வாரத்து டிபன் டப்பாவுக்குக் கவலையில்லை. தேங்காய் சேர்ந்த பண்டம் மதியத்திற்குள் கெட்டுப் போகக்கூடும். அதை மாலைக்கு வைத்துக் கொள்வர். சோற்றைச் சூட்டோடு அடைத்து மூடினால் வியர்த்துச் சளித்துவிடும். சற்று ஆவி போன பின்னரே மூடுவர்.

இவற்றுள் எதுவும் ஒருத்தியே செய்தாக வேண்டிய வேலையன்று. புளி கரைப்பதற்கும், பொடி திரிப்பதற்கும், டப்பா கழுவுவதற்கும் வாப்பாவும் பிள்ளைகளும் கை கொடுக்கலாம். ஆண் பிள்ளையைத் தனியே விட்டுப் பெண் பிள்ளையை மட்டும் ஏவும் வழக்கத்தை, கற்பிக்கும் வீட்டிலிருந்தே மாற்றத் தொடங்க வேண்டும்.

கல்விக்குப் பின்னால் ஓர் அடுப்பு

சோற்றுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை நம் மாநிலம் நன்கறியும். அன்று தென்காசியை உள்ளடக்கியிருந்த திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில் 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்ற உண்மையே இவற்றின் அடிப்படை.

மாணவரின் பசியை எண்ணிப் பார்த்த நாம், கற்பிப்பவளின் களைப்பை எண்ணிப் பார்த்தோமா? எல்லோருக்கும் இட்டுவிட்டு, நின்றபடியே இரண்டு வாய் விழுங்கிப் பேருந்துக்கு ஓடும் ஆசிரியை, எந்தத் தெம்போடு கரும்பலகை முன் நிற்பாள்? எழுத்தறிந்த ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்ததைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிந்து பாராட்டும் வகையில் குறிப்பிட்டார்கள். பெண்ணின் கற்பிக்கும் பணிக்கு அத்துணைப் பழைமையான கண்ணியம் உண்டு. அந்தப் பணியைக் காப்பதும் கல்விக்குச் செய்யும் தொண்டேயாகும்.

இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் தம்மை நாடி வந்த விருந்தினருக்குப் பொரித்த கன்றைத் தாமே கொண்டு வந்து முன் வைத்தார்கள். விருந்தோம்பலின் தந்தை என்று போற்றப்படும் அப்பெருமகனார் பரிமாறும் வேலையைப் பிறர் தலையில் சுமத்தவில்லை. இந்தச் சாரல் காலத்தில், விருந்து வரும் வீட்டு ஆண்மக்கள் அந்தச் சுன்னத்தை எடுத்துச் செய்யட்டும். அருவியில் நனைந்து வருவோரும், வகுப்பறையில் காத்திருக்கும் மழலையரும், அவர்களுக்கு நடுவே அடுப்படியில் நிற்கும் அந்தச் சகோதரியும் ஒருசேர மகிழ வல்ல இறைவன் அருள் புரிவானாக!