பி16 முதல் 70 குப்பி வரை

கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றிய 98 பெண்களுக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தது கீநோட்-158 ஆய்வு. கட்டி நன்றாகச் சுருங்கியது 12 பேருக்கு. அந்த 12 பேருமே கட்டியில் பிடி-எல்1 புரதம் இருந்த 82 பேரில் அடக்கம். புரதம் இல்லாத 15 பேரில் ஒருவருக்குக்கூட அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2018 ஜூனில் அமெரிக்கா இந்நோய்க்கு இந்த மருந்தை அனுமதித்தபோது, புரதம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியது.

புரதம் உள்ளதா என்று கணக்குப் போடும் முறை எளிது. திசுவில் சாயம் ஏறிய புற்றணுக்களோடு லிம்போசைட், மேக்ரோபேஜ் அணுக்களையும் கூட்டி, உயிருள்ள புற்றணுக்களின் எண்ணிக்கையால் வகுத்து, 100 ஆல் பெருக்க வேண்டும். விடை 1 வந்தாலே தேர்வு. 100 புற்றணுகூட இல்லாத துணுக்கு செல்லாது. ஆகவே பயாப்சி எடுக்கும் கை தாராளமாக எடுக்க வேண்டும்.

மருந்தின் அளவு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மி.கி., அதிகபட்சம் 35 தவணை. மொத்தம் 7,000 மி.கி. அதாவது 100 மி.கி. குப்பிகள் 70. கீமோவுடன் இதைச் சேர்த்த கீநோட்-826 ஆய்வில், புரதம் உள்ளவர்களில் இரண்டாண்டு முடிவில் உயிரோடு இருந்தோர் 53 சதவீதம். கீமோவோடு நின்றவர்களில் 41.7. நூற்றுக்குப் பதினோரு உயிர் பெரிய லாபம்தான். ஆனால் அங்கே 617 பேரில் 548 பேருக்கு இந்தப் புரதம் இருந்தது. அதனால் யாருக்குப் பலிக்கும் என்பதைவிட, யாருக்குப் பலிக்காது என்பதையே இந்தப் புரதச் சோதனை தெளிவாகக் காட்டுகிறது என்பேன்.

பி16 புரதமோ கட்டி உருவாகும் முன்பே பேசத் தொடங்கிவிடும். ஹெச்பிவி வைரஸின் ஈ7 புரதம், அணுப் பிரிவுக்குக் கடிவாளமான ஆர்பி புரதத்தை முடக்குகிறது. அதை ஈடுகட்டப் பி16 குவிகிறது, பலனில்லை. பிரிவை நிறுத்தும் பி16, பிரிவு நடப்பதைக் காட்டும் கேஐ-67 இரண்டும் சாயமேற்றிய ஒரே அணுவில் தெரிந்தால், அங்கே கட்டுப்பாடு போய்விட்டது என்று பொருள். வழக்கமான எதிர்ப்புச் சக்தி உள்ள பெண்ணுக்கு இது புற்றாக முற்ற 15 முதல் 20 ஆண்டு ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால், உறைய வைத்தோ சுட்டோ அகற்றிவிடலாம்.

இவ்வளவு அவகாசம் இருந்தும், 2022 இல் இந்தியாவில் புதிதாக நோயுற்றோர் 1,27,526 பேர் என்றும், இறந்தோர் 79,906 பேர் என்றும் குளோபோகான் புற்றுநோய்ப் புள்ளிவிவரம் மதிப்பிடுகிறது. இந்தச் சாயங்கள் எட்டாத ஊர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் நடந்த ஆய்வில், அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனை 49,311 பெண்கள் இருந்த பகுதிகளுக்குக் கொண்டுபோகப்பட்டது. சோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். 2006 முடிவில், சோதனை நடக்காத பகுதிகளைவிட அங்கே இந்நோயால் இறப்பு 35 சதவீதம் குறைவு.